தாயின் புகைப்பழக்கம் நஞ்சுக்கொடியையும் கருவின் வளர்ச்சியையும் எப்படிப் பாதிக்கிறது?

கர்ப்பிணி இழுக்கும் புகை அவருடைய நுரையீரலுக்குத்தானே செல்கிறது, பிறகு குழந்தையின் எடை ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புகையிலுள்ள நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் தாயின் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியை எளிதாகக் கடந்துவிடுகின்றன என்பதே காரணம்.

இவற்றில் கார்பன் மோனாக்சைடைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், ஆக்சிஜன் அமர வேண்டிய இடம் பறிபோகிறது. ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஆக்சிஜனும் திசுக்களுக்கு எளிதில் விடுவிக்கப்படுவதில்லை. வருத்தத்துக்குரியது என்னவென்றால், இந்த வாயு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடக் கருவின் இரத்தத்தில் கூடுதலாகச் சேர்கிறது. நிகோட்டினோ கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

நஞ்சுக்கொடியும் மாறுகிறது: தாயின் இரத்தத்தையும் கருவின் இரத்தத்தையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு தடித்துப்போவதால், ஊட்டச்சத்தின் பரிமாற்றம் மந்தமாகிறது. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியும் அபாயமும் உயர்கிறது. அது தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தானது.

கலிபோர்னியாவில் வினியா சிம்ப்சன் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பிடித்த தாய்மாரிடையே குறைப்பிரசவம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பிற்கால ஆய்வுகளில், பிறப்பு எடை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைவது தெரியவந்தது.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே முழுமையாக நிறுத்திவிட்டால், குழந்தையின் எடை புகைப்பிடிக்காதவர்களின் குழந்தைகளுடைய எடையை நெருங்கிவிடுகிறது. புகைக்குப் பதிலாகப் புகையிலையை மெல்லுவது தீர்வாகாது. அதிலும் நிகோட்டின் உண்டு.