வெட்கம் இடம் மாறிய கதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

விக்டோரியா கால நாவல்கள் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஒரு சந்தேகம். டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837இல் தொடராக வரத் தொடங்கியது. ஆனால் அதில் வரும், ஆதரவற்றவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய ஏழையர் விடுதிகள் அதன்பிறகும் ஏறக்குறைய நூறாண்டு இருந்தன. அப்படியென்றால் எழுத்தாளர்கள் என்னதான் மாற்றினார்கள்? தொழிற்சங்கமும் வாக்குரிமையும் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸும் செய்ததை இலக்கியத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறோமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நல்ல கேள்வி. எங்கெல்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். மான்செஸ்டர் தொழிலாளர்களின் வாழ்க்கையை நேரில் பார்த்து அவர் எழுதிய நூல் 1845இல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் வர 1887 ஆகிவிட்டது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தின் மனம் இளகியதென்றால், அந்த நூலைப் படித்து அல்ல.

அந்த மனம் முதலில் எப்படி இருந்தது என்று பாருங்கள். உதவி கொடுத்தால் சோம்பல் வளரும், ஏழைகள் மேலும் பெருகுவார்கள் என்ற, மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய பொருளியலாளர் மால்தஸின் அச்சம் படித்தவர்களிடம் ஊறியிருந்தது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அந்த அச்சத்தின் பிள்ளை. விடுதிக்குள் இருக்கும் வாழ்க்கை, வெளியே உள்ள கடைநிலைக் கூலியின் வாழ்க்கையைவிட விரும்பத்தகாததாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துச் சீருடை மாட்டினார்கள். ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு இடிக்க விடப்பட்டவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைத் தின்றார்கள். 1845இல் அது அம்பலமானது. ஏழ்மை என்பது குணக்கேடு, அதற்கு வெட்கப்பட வேண்டியவர் ஏழையே. இதுதான் அன்றைய பொதுப்புத்தி.

டிக்கன்ஸே அதிலிருந்து தப்பவில்லை. 1824இல் அவருடைய தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினான். உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் இதை வெளியே சொல்லவில்லை. 1870இல் அவர் இறந்த பின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வாசகர்கள் அதை அறிந்தார்கள். ஏழைகளுக்காக அவ்வளவு எழுதிய மனிதர், தான் ஏழையாக இருந்ததை மறைத்தே வாழ்ந்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த வெட்கத்தின் எடை அவ்வளவு.

எழுத்தாளர்கள் மாற்றியது அந்த வெட்கத்தின் இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். தாமஸ் ஹூட்டின் சட்டை தைப்பவளின் பாட்டு 1843இல் ‘பஞ்ச்’ இதழில் வந்தது. எலிசபெத் கேஸ்கலின் ‘மேரி பார்ட்டன்’ 1848இல் வெளியாகி மான்செஸ்டர் ஆலை முதலாளிகளைக் கோபப்படுத்தியது. ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் ஒரு பத்திரிகையாளருடையது: ஹென்றி மேஹ்யூ. 1849 முதல் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழுக்காக லண்டன் தெருக்களில் அலைந்து, ஏழைகளைப் பற்றிப் பேசாமல் அவர்களைப் பேசவிட்டார்.

வாட்டர்கிரெஸ் என்ற கீரையைக் கட்டுக்கட்டாக விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் சந்திக்கிறார். விடியும் முன்பே ஃபாரிங்டன் சந்தைக்குப் போய்க் கீரை வாங்குபவள். குளிருக்குப் போதாத பருத்தி உடை. குழந்தைதானே என்று அவளிடம் பொம்மைகளையும் பூங்காக்களையும் பற்றிப் பேச்செடுக்கிறார். பூங்கா என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. விளக்கிய பிறகு, என்னைப் போன்றவர்களைச் சும்மா பார்க்கவாவது உள்ளே விடுவார்களா என்று கேட்கிறாள். கொள்முதல் விலை, கட்டின் விலை, மிஞ்சும் காசு என்று வியாபாரக் கணக்கு மட்டும் அவளுக்கு அத்துப்படி. இந்தக் குழந்தையைச் சோம்பேறி என்று எந்த வாயால் சொல்வது? படிக்கிறவர் அல்லவா கூசிப்போக வேண்டும்?

அதன்பின் எண்கள் வந்தன. லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் தொழிலதிபர் சார்லஸ் பூத், லண்டனைத் தெருத்தெருவாக ஆராய்ந்து வரைபடத்தில் நிறம் தீட்டினார். மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். காரணங்களில் குடிப்பழக்கத்தைவிட நிலையில்லாத வேலையும் குறைந்த கூலியும் நோயும் முதுமையும் முன்னே நின்றன. முகங்களை மேஹ்யூ போன்றவர்கள் முதலில் காட்டியிராவிட்டால், இந்த எண்களும் வெறும் எண்களாகவே கிடந்திருக்கும்.

இந்த இளக்கத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆலிவருக்காக அழுத தேசம்தான் 1877இல் சென்னை மாகாணத்தை ஆண்டது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் என்று பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். உதவி சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்ற அதே 1834இன் எண்ணம். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிறவனுக்குப் போதாது என்று கடுமையாக எதிர்த்தார். நாற்பதாண்டு இலக்கியம் லண்டன் குழந்தைக்குப் பெற்றுத்தந்த முகம், சேலத்துப் பிள்ளைக்கு அவர்கள் கண்ணில் இன்னும் வாய்க்கவில்லை.

ஆம், விடுதிகள் நெடுங்காலம் நின்றன. உதவி பெற்றவருக்கு வாக்கில்லை என்ற விதியே 1918 வரை நீடித்தது. தொழிற்சங்கங்களின் பங்கையும் நான் குறைக்கவில்லை. முதியோர் ஓய்வூதியத்துக்காகப் பூத் வாதாடியபோது அவர்களும் போராடினார்கள். அந்தச் சட்டம் 1908இல் வந்தது. 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதை வாங்கியது ஏழையர் அதிகாரிகளிடமல்ல, அஞ்சலகத்தில். தபால்தலை வாங்குகிறவரின் பக்கத்தில், தலைநிமிர்ந்து நின்று.

மேஹ்யூவின் கீரைக்காரச் சிறுமி உயிரோடு இருந்திருந்தால் அன்று அவளுக்கு 66 அல்லது 67 வயது. இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.