காளியும் காலியான டிஸ்க்கும்

வணக்கம் சார்,

நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பென்டெஸ்டிங் (அனுமதியோடு ஹேக் செய்து பாதுகாப்பைச் சோதிப்பது) கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். முதல் நாளே, "விண்டோஸை அழித்துவிட்டுக் காளி லினக்ஸ் போடுங்கள், விண்டோஸில் இருந்துகொண்டு ஹேக்கிங் வராது" என்றார்கள். யூடியூபில் ஒருவர் பாரட் லினக்ஸ்தான் நல்லது என்கிறார். இன்னொருவர், பிளாக்ஆர்ச் போட்டவன்தான் ஆள் என்கிறார். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப். டாலி, ஜிஎஸ்டி எல்லாம் அதில்தான். லினக்ஸைத் தொட்டதே இல்லை. எதைப் போடட்டும்?

ம.

அன்புள்ள ம.,

விண்டோஸை அழிக்காதீர்கள். உங்களுக்குச் சோறு போடுகிற லேப்டாப் அது. 2010-ல் நானும் இதே ஆசையில், காளிக்கு முன்னோடியான பேக்ட்ராக்கை டூயல் பூட்டாக, அதாவது ஒரே டிஸ்க்கில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, போட உட்கார்ந்தேன். பார்ட்டிஷன் பட்டியலில் ஒரு வரி தள்ளி என்டர் தட்டிவிட்டேன். அக்கா கல்யாண போட்டோ அத்தனையும் போயிற்று. காளி பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே என் டிஸ்க் காலி. அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

2013 மார்ச்சில் வந்த காளி, டெபியன் லினக்ஸின் மேல் சில நூறு டூல்களை ஏற்றிவைத்த ஒரு தொகுப்பு. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அவர்களுடைய ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2020 தொடக்கம் வரை அதில் நுழைந்தாலே நீங்கள் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனர்; தப்பாக ஒரு கமாண்ட் அடித்தால் கேட்பாரில்லை. அதை மாற்றிவிட்டார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் வேறொன்று நடந்தது. அப்டேட்டுகள் அசல்தான் என்று கையெழுத்திடும் டிஜிட்டல் சாவி அவர்கள் கையைவிட்டே போய்விட்டது. புதுச் சாவியை அவரவர் இறக்கிப் போட்டுக்கொண்டால்தான் அப்டேட் ஓடும் என்ற நிலை. தெரிந்தவருக்கு ஒரு வரி வேலை. தெரியாதவர் மெஷினே கெட்டுவிட்டது என்று ஃபார்மட் அடித்திருப்பார்.

பாரட்டும் டெபியன்தான், ரேம் கொஞ்சம் குறைவாகத் தின்னும். இரண்டில் எதை எடுத்தாலும் பழுதில்லை. பிளாக்ஆர்ச்சில் 2,800-க்கு மேல் டூல்கள் உண்டு. அதில் பத்தைக்கூட இந்த வருஷம் நீங்கள் உருப்படியாகப் பழகி முடிக்கப்போவதில்லை, விடுங்கள். விண்டோஸில் ஹேக்கிங் வராது என்பதும் கதை. நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப், அதில் போகிற வருகிறதைப் பார்க்கும் வயர்ஷார்க், வெப்சைட்டுகளைச் சோதிக்கும் பர்ப் சூட் மூன்றும் விண்டோஸிலேயே ஓடும்.

எந்த மெஷினிலிருந்து அடிப்பது என்று எல்லாரும் சண்டை போடுகிறார்கள். எந்த மெஷினை அடிப்பது என்று நீங்களும் கேட்கவில்லை. படிப்பு அந்த இரண்டாவது மெஷினில்தான் இருக்கிறது.

விண்டோஸ் மேலேயே விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள், இலவசம்தான். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் சாஃப்ட்வேர் அது. லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காளியை விர்ச்சுவல் மெஷினாகவே தயார் செய்து தருகிறார்கள். அதற்கு 2 ஜிபி ரேம் ஒதுக்குங்கள். பக்கத்தில் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டிய பழைய லினக்ஸ் அது. அரை ஜிபியில் ஓடும். இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில், அதாவது உங்கள் லேப்டாப்பைத் தாண்டி வெளியே போகாத நெட்வொர்க்கில், வையுங்கள். வீட்டு வைஃபையில் அந்த ஓட்டை மெஷினைத் திறந்துவிடக் கூடாது. மெஷினின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவிட்டால், கெடுத்தாலும் ஒரே நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடும். டூயல் பூட்டில் இந்த வசதி கிடையாது.

மெட்டாஸ்ப்ளாய்டபிளின் 21-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது நெட்வொர்க் வழியாக உள்ளே போகும் எண்ணிட்ட வாசல்) விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற எஃப்டிபி சர்வர், அதாவது கோப்புகளை அனுப்பிப் பெறும் சர்வர், ஓடும். 2011-ல் இதை இறக்குகிற இடத்திலேயே யாரோ புகுந்து, மூலக் கோப்பில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். பயனர் பெயரோடு சிரிப்பு முகம், அதாவது முக்காற்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியும், சேர்த்துக் கொடுத்தால் 6200-ஆம் போர்ட்டில் ரூட் ஷெல், அதாவது ரூட்டாகக் கமாண்ட் அடிக்கும் இடம், திறந்துகொள்ளும். தாக்குதல்களைத் தொகுத்துவைத்திருக்கும் மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற டூலில் இதற்கு ரெடிமேட் மாட்யூல் இருக்கிறது. வகுப்பில் அதைத்தான் காட்டுவார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். நீங்கள் அதைத் தொடாமல், போர்ட்டோடு நேரடியாக எழுத்தில் பேச உதவும் டெல்நெட்டில் கையாலேயே அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள். கடவுச்சொல்லாக வாய்க்கு வந்ததைக் கொடுங்கள். அந்த நேரத்தில் வயர்ஷார்க்கில் என்ன ஓடுகிறது, 6200 எப்போது திறக்கிறது, அடிபட்ட மெஷினின் லாக்கில் என்ன பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது என்று எழுதிவையுங்கள். ஒரு வாரம் இதிலேயே போகட்டும். பிறகு வேலையில் சேர்ந்தால் வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதித் தரவேண்டிய அறிக்கையும் இதே விஷயங்களைத்தான் சொல்லும்.

வைஃபை உடைப்பதெல்லாம் பிறகு. விர்ச்சுவல் மெஷினுக்கு லேப்டாப்பின் உள்ளிருக்கும் வைஃபை கார்டு தெரியாது, தனி யூஎஸ்பி அடாப்டர் வேண்டும்.

பி.காம். படித்துவிட்டு இதற்கு வரலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆபீஸ்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடுகின்றன. டாலி டேட்டா ஃபோல்டரை எல்லாருக்கும் முழு உரிமையோடு ஷேர் போட்டுவைப்பது, ஒரே கடவுச்சொல்லை ஆபீஸே பயன்படுத்துவது போன்றவற்றை நீங்கள் தினமும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த பையனுக்கு அது தெரியாது.

அதற்காக நாளைக்கே ஆபீஸ் நெட்வொர்க்கில் என்மேப் ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. "கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்" என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பார்க்கலாம், வேலை மிஞ்சாது.

லினக்ஸ் பழக, எதையும் இன்ஸ்டால் செய்யும் முன்பே இன்று ராத்திரி தொடங்கிவிடலாம். ஓவர்திவயர் தளத்தில் பேண்டிட் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்தே எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினில் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக, 2220-ஆம் போர்ட்டில் உள்ளே போகலாம். ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் கடவுச்சொல் ஒளிந்திருக்கும். இருபது படி தாண்டுங்கள், அப்புறம் காளியைத் திறக்கலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் போடுவதற்கு முன், டாலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துவிடுங்கள்.