செம்மண்ணில் இரும்பு இருந்தும் கொய்யா ஏன் வெளுக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் லக்னோ-49 ரகக் கொய்யா வைத்து மூன்று வருடம் ஆகிறது. போர் தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம். மாசியில் இருந்து கொழுந்து இலை மஞ்சளாகி, இப்போது வெள்ளையாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. யூரியா, டிஏபி கொடுத்தும் மாறவில்லை. மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. அன்னபேதி சரியான மருந்துதான், ஆனால் மண்ணில் போடாதீர்கள், இலையில் தெளியுங்கள்.

இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் முதலில் முதிர்ந்த அடி இலைதான் வெளுக்கும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, நுனியில் கொத்தாக நிற்கும். உங்கள் மரத்தில் கொழுந்தில் தொடங்கி, நரம்பு பச்சையாகவே நிற்கிறது.

செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்ததுதான். அப்புறம் ஏன் பற்றாக்குறை? மண்ணிலும் தண்ணீரிலும் சுண்ணாம்பு கூடிக் கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டிவிட்டால், இரும்பு வேர் எடுக்க முடியாத துரு வடிவத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட மண்ணில் அன்னபேதியைக் கொட்டினால் அதுவும் சில நாளில் துருவாகும். காசுதான் போகும். உங்கள் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, குழி தோண்டும்போது சுக்கான் கல் வந்ததா என்று பாருங்கள். அந்த மண்ணை ஒரு பிடி எடுத்துக் காடி (வினிகர்) விட்டால் நுரைக்கும். டிஏபியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதில் உள்ள மணிச்சத்து கூடினாலும் இரும்பு முடங்கும். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் கொடுங்கள், அது வேர்ப்பகுதி மண்ணில் சற்று அமிலத்தன்மையைக் கூட்டும்.

தெளிப்புக்கு 10 லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள், பிறகு 50 கிராம் அன்னபேதி. இந்த வரிசை முக்கியம், புளிப்பு இருந்தால்தான் இரும்பு துருவாகாமல் நிற்கும். அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியதை வாங்காதீர்கள். முடிந்தால் மழைத்தண்ணீரில் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி போதும். துணியில் வடிகட்டி, உடனே, மாலை வெயில் தாழ்ந்ததும் கொழுந்து நனையத் தெளியுங்கள். பூச்சிமருந்தோடு கலக்க வேண்டாம். காய் இருக்கும் மரத்தில் தோலில் கறை விழும், அதனால் பிஞ்சு பிடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து, பத்து நாள் பொறுங்கள். அந்தக் கிளை பச்சை கட்டினால் சந்தேகமே இல்லை. பிறகு தோட்டம் முழுக்க 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை.

ஆனால் ஒரு இலைக்குக் கொடுத்த இரும்பு அடுத்து வரும் கொழுந்துக்குப் பெரிதாக நகராது. அதனால் வேர்ப்பக்கமும் கவனம் வேண்டும். மண்ணில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புக் கீலேட் (இரும்பைத் துருவாகாமல் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்கி, பாக்கெட்டில் உள்ள அளவில் சொட்டுநீரில் விடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சுண்ணாம்பு மண்ணில் தாங்குவது அதுதான். மலிவான இடிடிஏ (EDTA) வகை அங்கே நிற்காது. மரத்தடியில் மக்கிய தொழு உரம் போட்டு, பசுந்தாள் உரமாகச் சணப்பை விதைத்துப் பூக்கும்போது மண்ணில் மடக்கி உழுங்கள். எப்போதும் சேறாக ஈரம் வைக்காதீர்கள், மூச்சு முட்டிய வேர் இரும்பை எடுக்காது.

போர் தண்ணீரையும் மண்ணையும் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டி, எங்கே பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, புட்டியில் காற்று இடமில்லாமல் நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோங்கள். பைகார்பனேட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.