சட்டக் கல்லூரியில் பழகிய சட்ட ஆய்வு, வக்கீல் தொழிலுக்கு வந்தபின் கைகொடுக்குமா?

பாதிதான் கைகொடுக்கும். கல்லூரியில் நடக்கும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் நம் பக்கத்துக்கு ஏற்ற நாலு தீர்ப்பைத் தேடிப் பிடித்தால் பாராட்டு கிடைக்கும். நிஜ கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இதைப் பெரிய பெஞ்ச் (அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வு) மாற்றிவிட்டதே" என்று ஒரு வரி சொன்னால் வாதம் படுத்துவிடும். ஆகவே ஜூனியராகச் சேர்ந்ததும் பழக வேண்டியது, கையில் கிடைத்த தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்று பார்ப்பதுதான்.

சிசிடிவி காட்சி, செல்போன் பதிவுக்கெல்லாம் சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் சான்றிதழ் (அந்த மின்னணுப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் தாள்) கட்டாயமா என்ற கேள்வியையே பாருங்கள். 2005இல் நவ்ஜோத் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம், அது இல்லாமலும் நிரூபிக்கலாம் என்றது. 2014இல் அன்வர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கட்டாயம் என்றார்கள். 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் இரண்டு நீதிபதிகள் தளர்த்தினார்கள். 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தளர்வைத் தள்ளிவிட்டு, அன்வர் தீர்ப்பையே உறுதி செய்தார்கள். ஆனால் 2018 தீர்ப்பு இன்றும் இணையத்தில் கிடைக்கும். பார்த்தால் அதுவும் நல்ல தீர்ப்பு மாதிரியேதான் இருக்கும்! இப்போது அந்தப் பிரிவே, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 63 ஆகிவிட்டது.

பிரிவு எண்களும் காலை வாரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும்.

சரி, எப்படிப் பழகுவது? முதலில் கேஸ் கட்டை முழுசாகப் படியுங்கள். சம்பவம் நடந்த தேதி தெரியாமல் எந்தச் சட்டம் என்றே சொல்ல முடியாது. அப்புறம் சட்டப் பிரிவு, அதற்குப் பிறகுதான் தீர்ப்புகள், அதிலும் புதியதிலிருந்து பின்னோக்கி. தீர்ப்பின் தலையில் வரும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் நம்பாதீர்கள். சட்ட இதழ்களில் அதை எழுதுவது நீதிபதி இல்லை. எத்தனை நீதிபதிகள், எந்தப் பத்தி என்று குறித்து வையுங்கள், சீனியர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். தீர்ப்புகளைத் தேடும் இணையதளமான இந்தியன் கானூனில் தேடுபவர்கள், அந்தத் தீர்ப்பைப் பிற்பாடு மேற்கோள் காட்டிய வழக்குகளின் பட்டியலையும் கட்டாயம் திறந்து பாருங்கள். இலவசம்தான், பலர் அதைத் தொடுவதே இல்லை.