தலைக்கு மேல் தொங்கும் சரம்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கரணை குப்பைமேடு பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். தெருமுனையில் லாரி வந்ததும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். மனைவி சிரிக்கிறாள். ஜப்பானில் ஒரு சிற்றூரில் 45 வகையாகப் பிரிக்கிறார்களாமே? நம் ஜனங்களுக்கு அந்த ஒழுக்கம் எப்போது வரும்? படிக்காதவர்கள் கண்ட இடத்தில் வீசும்வரை நான் மட்டும் பிரித்து என்ன பயன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஜப்பானை விடுங்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கமிகாட்சு ஊரில் இருப்பதே 1,500 பேருக்கும் குறைவு. உங்கள் மனைவியின் சிரிப்புக்கும் என்னிடம் மருந்து இல்லை, என் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் ‘படிக்காதவர்கள்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா விருத்தாசலம் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, கால் கிலோ துவரம்பருப்பைக் கொட்டி, வாயை மடக்கி, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து நான்கு சுற்று சுற்றி, சுண்டி அறுப்பார். கத்தரியெல்லாம் கிடையாது. வாங்கிப் போகிறவர்கள் அந்த நூலையும் அவிழ்த்துப் பத்திரமாகச் சுற்றி வைப்பார்கள், பூக்கட்ட ஆகும். பேப்பரை வாசலில் வீசுவார்கள். ஆமாம், அன்றைக்கும் கண்ட இடத்தில்தான் வீசினார்கள். மாடு தின்றது போக மிச்சத்தை மழை கரைத்தது. அதே ஜனங்கள், அதே கைவீச்சு. கைக்குள் இருந்ததுதான் வேறு.

எண்பதுகளில் ஷாம்பு சரம் வந்தது. அதை நாடெங்கும் கொண்டுபோனதில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்ததை 1983-ல் அவர் மகன் ரங்கநாதன் சிக் ஷாம்புவாக ஊர் ஊராகச் சேர்த்தார். எங்கள் கடை வாசலில் ஆணியடித்துச் சரத்தைத் தொங்கவிட்டவன் நான்தான். நடவுக்குப் போகும் பெண்கள் ஒரே ஒரு பாக்கெட்டைக் கிழித்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். பாட்டில் வாங்க வக்கில்லாத தலையிலும் வெள்ளிக்கிழமை நுரை வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வியாபாரத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

ஆனால் அந்தப் பாக்கெட் என்ன சரக்கு தெரியுமா? மேலே அச்சடித்த பாலியஸ்டர், உள்ளே பாலித்தீன், பலவற்றில் நடுவே அலுமினியம். எல்லாம் பிரிக்க முடியாதபடி ஒட்டியவை. பால் கவருக்குக் காயலான் கடையில் விலை உண்டு, தண்ணீர் பாட்டிலுக்கு உண்டு, அட்டைக்கு உண்டு. இதை எந்தக் கடைக்காரரும் தராசில் வைக்க மாட்டார். காசு பெறாததை யார் குனிந்து பொறுக்குவார்?

2016-ல் மத்திய அரசு விதி போட்டது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருடத்தில் ஒழிக்க வேண்டும் என்றது. கெடு முடிந்தபோது, 2018 மார்ச்சில், ஒரு திருத்தம். எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு பயன் இல்லாதது என்றெல்லாம் அந்த வரிக்குள் சொற்களைச் செருகினார்கள். சிமெண்ட் சூளையில் எரியாத பாக்கெட் உண்டா? ஆக, ஒழிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சொற்களைச் செருகியவர்கள் படிக்காதவர்களா, எஸ்.? உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகப் படித்தவர்கள்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பூக்காரம்மா கவரில் ஒரு முழம் கொடுத்தால் அபராதம். பக்கத்துப் பெட்டிக்கடையில் தலைக்கு மேல் சரம் சரமாகத் தொங்குகிறது, அதை யார் தொட்டார்கள்? 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் பிளாஸ்டிக் ஒப்பந்தம் போட உலக நாடுகள் கூடி, ஒப்பந்தம் இல்லாமலே கலைந்தன. உற்பத்தியில் கைவைக்காதீர்கள், குப்பையை மட்டும் ஒழுங்காக அள்ளுங்கள் என்று அங்கே எண்ணெய் நாடுகள் மல்லுக்கட்டின. நீங்கள் எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கேள்வியையே மறந்துவிட்டேன். பிரித்துத்தான் போட வேண்டும். லாரியைப் பார்த்த நீங்கள், அதற்கு முன் வருகிற தள்ளுவண்டியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதன் பக்கத்தில் நான்கைந்து சாக்குகள் தொங்கும். பால் கவருக்கு ஒன்று, பாட்டிலுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. நீங்கள் பிரித்துக் கொடுத்தால் வண்டி தள்ளிவரும் அம்மாவின் கை ஊசிப்போன சாம்பாருக்குள் போகாது. அது போதாதா உங்களுக்கு?

போன வாரம் எங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் ஒரு ஷாம்பு பாக்கெட்டை நீட்டி, இது எந்தச் சாக்குக்கு என்று கேட்டேன். பேச்சை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அது எதுலயும் சேராது சார். அப்படியே உள்ள போட்டுடுங்க.”