அனாட்டமியில் பெயில்: மண்டபத்து அப்பா ஒருவருக்கு

அண்ணே, வணக்கம். டாக்டர் படிப்பு படிக்கிற மகள் முதல் வருஷம் அனாட்டமியில், அதாவது உடற்கூறியல் பாடத்தில், பெயிலாகிவிட்டாள், கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு டாக்டர் படிப்பு ஒத்துவராது என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நீட் தேர்வில் அவள் தமிழிலேயே கேள்வியைப் படித்து, நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தாள். இங்கே பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்து எலும்பு, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று கேட்பார்கள். பாடம் புரிந்திருக்கும், வாயில் வராது. அதற்குத் தேவை எழுத்துப் பழக்கம். பழைய பல்கலைக்கழகக் கேள்வித்தாளிலிருந்து தினமும் ஒரு கேள்வியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதட்டும். முதலில் தமிழில் புரிந்துகொண்டால் தப்பே இல்லை. எழுதியதை டியூட்டரிடம் காட்டித் திருத்தச் சொல்லட்டும். எலும்பை வைத்துக்கொண்டு ரூம்மேட்டிடம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022இல்தான். இதையெல்லாம் சொல்லித்தர உங்கள் தெருவில் ஒரு சீனியர் இருந்திருக்க மாட்டார்.

ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே சப்ளிமென்டரி தேர்வு உண்டு. அதில் பாஸானால் தன் பேட்சோடே இரண்டாம் வருஷம் போகலாம். தவறினால் ஜூனியர்களோடு உட்கார வேண்டிவரும். வலிக்கும்தான், ஆனால் படிப்பு போய்விடாது. முதல் வருஷப் பாடங்களுக்கு நான்கு வாய்ப்பு வரை விதியே இடம் தருகிறது. வருகைப்பதிவில்தான் கவனம் வேண்டும்: தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80. குறைந்தால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து மாதக்கணக்கில் வைத்துக்கொண்டால் அந்த நஷ்டம்தான் பெரிது.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது பணக்கவலை வரத்தான் செய்யும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டுக் கஷ்டத்தை இப்போது அவளிடம் சொல்ல வேண்டாம்.

போனில் மார்க் கேட்காதீர்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மட்டும் கேளுங்கள். தூக்கமில்லை என்றாலோ, பேச்சு குறைந்தாலோ, போனை எடுக்காவிட்டாலோ அன்றைக்கே பஸ் ஏறி நேரில் போய்ப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போகும்போது கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டும் ஆசிரியர், அதாவது மென்டர், யாரென்று கேட்டு, அவரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.