இணையத்தில் நான் போடும் புகைப்படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தாமல் தடுப்பது எப்படி? வாட்டர்மார்க் போட்டால் போதுமா?

போதாது. படத்தின் மேல் நம் பெயரைப் பதிக்கும் வாட்டர்மார்க்கை மட்டும் நம்பிப் படம் போடாதீர்கள். அதற்காகப் பகிர்வதையே நிறுத்திவிடவும் வேண்டாம். திரையில் தெரிகிற எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடலாம். அதைத் தடுக்க வழியே கிடையாது. நாம் செய்ய முடிந்தது வேறு. "இது நான் எடுத்த படம்" என்பதை யார் கேட்டாலும் அங்கேயே காட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அது மட்டும் இருந்தால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி படத்தை எடுத்த உடனேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை, "உரிமை பெற்றது" என்று எழுதிவைக்க வேண்டியதும் இல்லை. முன்பெல்லாம் புகைப்படத்துக்கு வெளியான நாளிலிருந்து கணக்குப் போட்டு 60 ஆண்டு கொடுத்தார்கள். 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும். விலை உயர்ந்த கேமராவில் எடுத்தாலும் கைபேசியில் எடுத்தாலும் ஒன்றுதான்.

"பொதுவில் போட்டுவிட்டாய், இனி அது எல்லோருக்கும் சொந்தம்" என்று வாதாடுகிறவர்களுக்கு டேனியல் மோரெலின் வழக்கைச் சொல்லுங்கள். ஹெய்ட்டி நாட்டுப் புகைப்படக்காரர். 2010 ஜனவரியில் அங்கே பெரும் நிலநடுக்கம் வந்த அன்றே தெருவில் இறங்கிப் படமெடுத்து, ட்விட்டர் வழியாக வெளியிட்டார். அதை வேறொருவர் தன் கணக்கில் போட்டுக்கொள்ள, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்துத் தவறான பெயருடன் உலகம் முழுக்க அனுப்பியது. படங்களை விற்கும் கெட்டி நிறுவனமும் விநியோகித்தது. ட்விட்டரில் போட்டதாலேயே தங்களுக்கும் அனுமதி உண்டு என்று ஏஎஃப்பி வாதிட்டதை 2013-ல் அமெரிக்க நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சமூக வலைத்தளங்களின் விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள்: படத்தைக் காட்டவும் பரப்பவும் அந்தத் தளத்துக்கு நாம் அனுமதி தருகிறோம், உரிமையை எழுதிக் கொடுப்பதில்லை. வழியில் போகிறவருக்கு அந்த அனுமதியும் கிடையாது.

சரி, "என் படம்" என்று எப்படிக் காட்டுவது? நான் திருநெல்வேலிப் பக்கம். கூந்தன்குளத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படம் ஒன்றை ஒரு சுற்றுலா நிறுவனம் ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டார்கள். கூப்பிட்டால், "நெட்ல இருந்து எடுத்தது சார், யாருதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். மடிக்கணினியோடு நேரில் போனேன். கேமராவில் பதிவான ரா கோப்பை, அதாவது எந்தத் திருத்தமும் செய்யாத மூலக் கோப்பைத் திறந்து, அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வரிசையாகக் காட்டினேன். முதல் படத்தில் தாய்ப் பறவை கருவேலங்கிளையில் இறங்குகிறது. அவர்கள் எடுத்த படத்தில் இறக்கை பாதி மடங்கியிருக்கிறது, குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. அடுத்ததில் குஞ்சின் அலகு தாயின் வாய்க்குள். ஃபிளெக்ஸில் வெட்டுப்பட்ட கிளையின் மிச்சமும் என் கோப்பில் முழுதாக இருந்தது. அதற்கு மேல் பேச்சே எழவில்லை. வழக்கமான கட்டணத்தைக் கொடுத்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ரா கோப்பை அழிக்காதீர்கள். சுமாராக வந்திருக்கிறது என்று ஒதுக்கும் பக்கத்துப் படங்களையும் சேர்த்தே வைத்திருங்கள். உங்கள் படத்தைத் தரவிறக்கியவரிடம் ஒரு ஜேபெக், அதாவது இணையத்தில் போடும் சாதாரணப் படக் கோப்பு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு ஹார்டு டிஸ்கில், வெவ்வேறு இடத்தில்.

அடுத்தது, கோப்புக்குள்ளேயே உங்கள் பெயர். கேனான், நிக்கான் இரண்டிலும் மெனுவில் எடுத்தவர் பெயரும் பதிப்புரிமை விவரமும் எழுத இடம் இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தானாகப் பதிந்துவிடும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலும் படங்களை ஏற்றும்போதே இதைச் செய்யலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரமெல்லாம் கழன்றுபோகும், டாக்குமென்டாக அனுப்புங்கள். இணையத்தில் போடும்போது நீளப் பக்கம் 1600 பிக்ஸல் அளவு போதும். திரையில் நன்றாகத் தெரியும், பெரிய பேனர் அடித்தால் பல்லிளித்துவிடும்.

வாட்டர்மார்க் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூலையில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள், நடுவில் போட்டால் படம் பாழ், இப்போது கைபேசிச் செயலியே நொடியில் அழித்தும் விடுகிறது. இருந்தாலும் சிறியதாக ஒன்று போடுவேன். காரணம், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு. உரிமையாளர் யார் என்று காட்டும் விவரத்தை அனுமதியில்லாமல், தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பெயரை அழித்தவர், "யாருடையது என்று தெரியாது" என்று சொல்ல முடியாது.

திருடப்பட்டதா என்று பார்க்க கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் அவ்வப்போது தேடுங்கள்; படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும் கருவிகள் இவை. கிடைத்தால் கோபத்தில் உடனே பின்னூட்டம் போடாதீர்கள், படத்தை நீக்கிவிட்டு மறுத்துவிடுவார்கள். முதலில் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட். அப்புறம் மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: எந்தப் படம், எங்கே இருக்கிறது, கட்டணம் எவ்வளவு அல்லது எப்போதுக்குள் நீக்க வேண்டும். பலர் இதிலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் தளத்துக்கே புகார். 2013 பதிப்புரிமை விதிகளில் 75-வது விதியின்படி, முறையான புகார் கிடைத்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவதாக நாமும் உறுதி தர வேண்டும். உத்தரவு வராவிட்டால் தளம் படத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பெரும்பாலும் அமெரிக்கத் தளங்களின் புகார்ப் படிவத்தையே நிரப்பிவிடுகிறேன். வழக்கு வரை போவதென்றால், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

எல்லாப் படத்தையும் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியதில்லை. பழைய மண்டபங்கள், சிற்பங்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றின் படங்களை நான் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் மனமாரக் கொடுத்துவிடுகிறேன். என் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில். படிக்கிற பிள்ளைகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, வணிகத்துக்கும் பயன்படுத்துவார்கள். விற்க நினைக்கும் படத்தை அங்கே ஏற்றக் கூடாது.

கடைசியாக, கல்யாணப் படம் எடுப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். சம்பளத்துக்கு எடுத்தால் பொதுவாக முதலாளி. ஆகவே முன்பணம் வாங்கும் ரசீதிலேயே, உரிமை யாருக்கு, உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்ற இரண்டையும் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் படமாக இருந்தால், கையெழுத்து இருந்தாலும் பெற்றோரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டே போடுகிறேன்.